பட்சி இறங்கிட்டு

கருங்குளத்துப்பட்டி
28.10.2023

தங்கச்சி சண்முகத்தாய்க்கு, அண்ணன் சங்கிலிமுத்து சொல்லச் சொல்லத் தாள்கடை நூகு எழுதுறது. உடம்பு எப்படி இருக்கு? கால் வீக்கம் வத்திட்டா? திருப்பூர்ல ஒன் மகன் ஹரிஷ்குமாரும் வீட்டுக்காரியும் சொகமா? மதுரையில கண் ஆபரேஷன் முடிஞ்சு நான் ஊர் வந்து சேர்ந்துட்டேன். ஒரு மாசம் அங்கனயே படுக்கப் போட்டுட்டாக. இப்ப தூரத்துல போற பஸ்ஸோட நெறம் தெரியுது.

நூகு வழக்கம்போல சிவகாசி பிரஸ் கழிவுத்தாள்லதான் எழுதுறான். பின்பக்கம் வர்ற வருசத்துக் காலண்டர். மாசி மாசம் ரெண்டு தரம் அச்சாயிட்டதாம், கழிச்சுட்டாக.

விசயத்துக்கு வர்றேன். நான் மதுரையில கெடந்த நேரத்துல ஊர்க்கூட்டம் போட்டுப் பெரிய கண்மாய மீன் குத்தகைக்கு விட்டுட்டாக. நம்ம ஊர்ல இது உண்டுமா? தண்ணி வத்துற காலத்துல அழிகண்மாய்னு தண்டோராப் போட்டு, ஊரே இறங்கிப் பிடிச்சு, ஊரே மீன் குழம்பு வச்ச கண்மாய் அது. வெளியூர்க்காரன் கேக்கக் கூடாது, இந்த ஊர்ல பிறந்தவுகதான் கேக்கலாம்னு ஒரு சட்டம் மட்டும் வச்சாகளாம். யார் எடுத்ததுன்னா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான். "ஒங்களுக்குத் தெரியாததா மாமா"ன்னு சிரிக்கானுக.

பட்சி இறங்கிட்டு. நானும் நம்ம வீட்டு முறைப்படி வெத்தலை பாக்கு வாங்கிட்டுப் பட்டாசுக் கம்பெனி கம்பெனியாப் போய், கண்மாய்ப் பக்கம் சத்தம் வேண்டாம்னு சொல்லிட்டேன். அவுகளும் சாம்பிள் வெடி போடுறத கல்குவாரிப் பக்கம் மாத்திட்டாக. ஆனா குத்தகைக்காரனோட ஆள் சீனிவாசகம்னு ஒருத்தன் கரையில நின்னு அணுகுண்டாப் போடுறான். பட்சி மீனத் தின்னுதாம். வெடி செய்ற ஊர்ல நம்ம அப்பன் காலத்துல இருந்து கரையில கேக்காத சத்தம் இப்பக் கேக்கு.

ஹரிஷுக்குச் சிவகாசியில பெரிய ஆட்களத் தெரியும். இந்தக் குத்தகைக்காரன் யார்னு விசாரிக்கச் சொல்லு. போன்ல பேச ஒனக்குக் காது இல்ல, அதனால கடுதாசியிலதான் கேக்கேன். பதில் போடு.

இப்படிக்கு
சங்கிலிமுத்து

---

திருப்பூர்
20.11.2023

அன்புள்ள அண்ணனுக்குச் சண்முகத்தாய் எழுதிக்கொள்வது. கடுதாசி கிடைத்தது. கண் தெரிகிறது என்று படித்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மூணு மாசத்துக்குக் குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, வெயிலில் நடக்கக் கூடாது. கண்ணாடி போடுகிறீர்களா இல்லை சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறீர்களா? நூகு அண்ணன் வீட்டில் பைரோஜா மதினி சொகமா?

என் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. மருமகள் வெந்நீர் வைத்துத் தருகிறாள். ஹரிஷ்குமாருக்கு ஓயாத வேலை. வாரம் ஒருதரம் தெக்கே வந்துவிட்டுப் போகிறான். உங்களை வந்து பார்க்க நேரமில்லை என்கிறான், தப்பாக எடுத்துக்க வேண்டாம். புது வண்டி வாங்கியிருக்கிறான்.

தீபாவளிக்கு என்ன செய்தீக? எனக்கு இங்கே எல்லாத் தீபாவளியும் ஒன்றுதான். தெரு பூரா வெளிச்சம் தெரியும், சத்தம் கிடையாது.

காலண்டர் பின்பக்கம் முருகன் படம் இருந்ததால் கிழிக்க மனசில்லாமல் கடுதாசியைச் சுவரில் ஒட்டிவிட்டேன். எழுத்து உள்பக்கம் போய்விட்டது.

மழை பேய்ந்தால் வீட்டுப் பின்சுவரைப் பார்த்துக்கொள்ளுங்க.

தங்கச்சி
சண்முகத்தாய்

---

கருங்குளத்துப்பட்டி
06.12.2023

தாயி சண்முகத்தாய்க்கு அண்ணன் எழுதச் சொன்னது. நூகு ரெண்டு தரம் வாசிச்சான். என் கண்ணு, என் சட்டைப் பை, பைரோஜா, வெந்நீர், முருகன், பின்சுவர் எல்லாம் இருந்துச்சு. நான் கேட்டது மட்டும் இல்ல. வயசாச்சு, மறந்திருப்பன்னு மறுபடி கேக்கேன்.

இப்ப வெடியோட நிக்கல. கரைக்குக் கரை நைலான் கயிறு இழுத்துக் கட்டிட்டானுக. குறுக்கும் நெடுக்கும் கட்டி, காத்துல மினுக்குற மாதிரி ஜிகினாத் தாள தொங்க விட்டிருக்கானுக. கட்டில்ல கயிறு பின்னின மாதிரி இருக்கு கண்மாய்.

நீ திருப்பூர் போய் ரொம்ப நாளாச்சு, அதனால சொல்றேன். சுத்துப்பட்டுக் கண்மாய் எல்லாம் கருவேலம் மூடிக் கெடக்கு. மூடாதது ஆகாயத்தாமரை. கொக்கு நாரைக்கு மரம் போதும், இருந்துக்கிடும். வடக்க இருந்து வர்ற தாராவுக்கும் கிளுவைக்கும் வெட்டவெளித் தண்ணி வேணும். நடுத்தண்ணியில மிதந்துக்கிட்டே தூங்கும், நாயும் நரியும் அங்கன எட்டாது. நாமக்கோழி சைக்கிள் மிதிக்கிற மாதிரி தண்ணி மேல ஓடித்தான் எந்திரிக்கும். ஓட எடம் வேணும்ல? அந்தத் தலையில கோடு போட்ட பெரிய வாத்து, எத்தன மலை தாண்டி வருதோ, அது இறங்குறதுக்கே பாதிக் கண்மாய் நீளம் வேணும். நம்ம கண்மாய் ஒண்ணுதான் தெளிஞ்சு கெடந்துச்சு. பட்சி எச்சம் போட்ட தண்ணி பாஞ்சுதான் நம்ம வயலு உரம் கேக்காம வெளஞ்சது.

சீனிவாசகத்துக்கிட்ட, "ஏலே, நீர்க்காகம் மீன் தின்னும், ஒத்துக்கிடுதேன். தாரா தின்னுறது பாசியும் வெதையும்லே"ன்னேன். "அப்ப தாராவ மட்டும் கயிறு மேல தாண்டி வரச் சொல்லுங்க தாத்தா, நான் டிக்கெட் கேக்க மாட்டேன்"ங்கான்.

நாரணாபுரத்துக் கம்பெனியில மருந்துக்கூடு வெடிச்சு ஒனக்குக் காது போச்சே, அந்த வருசம் நான் ஒன்னையக் கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். சத்தம் கேக்கலையேன்னு அழுதுக்கிட்டே மடைக்கல்லுல கைய வச்ச. நாமக்கோழிக் கூட்டம் எந்திரிக்கவும், "அண்ணே, கல்லு அதிருது, கையில கேக்குதுண்ணே"ன்ன. ஒனக்கு ஞாபகம் இருக்கும்.

ஹரிஷ்கிட்டக் கேட்டு எழுது.

சங்கிலிமுத்து

---

திருப்பூர்
05.01.2024

அன்புள்ள அண்ணனுக்கு. மார்கழி பிறந்ததும் தெக்கே பேய்மழை என்று டிவியில் எழுத்தாக ஓடியது. பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. பின்சுவர் நின்றதா? ஒரு வரி எழுதிப் போடுங்க.

பொங்கலுக்கு உங்களுக்கு இரண்டு பனியனும் நூகு அண்ணனுக்கு இரண்டும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஏற்றுமதிச் சரக்கு, கழுத்தில் மட்டும் சின்னப் பழுது. உள்ளே போட்டால் தெரியாது.

மடைக்கல்லு ஞாபகம் இருக்கிறது. அதை ஏன் எழுதுனீக.

அண்ணே, வயசான காலத்தில் எதுக்கு ஊரோடு வம்பு? சீனிவாசகம் மாதிரி ஆட்களிடம் வாய் கொடுக்காதீங்க. மூணு வருசம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். உடம்பைப் பாருங்க.

சண்முகத்தாய்

---

கருங்குளத்துப்பட்டி
22.01.2024

சண்முகத்தாய்க்கு. பனியன் வந்துச்சு. பின்சுவர்ல பாதி நிக்குது.

குத்தகை மூணு வருசம்னு நான் ஒனக்கு எழுதவே இல்ல. எனக்கே தெரியாது. எனக்குப் படிப்பு இல்ல. அதனால சொன்னதும் கேட்டதும்தான் என் சொத்து, ஒண்ணும் தொலையாது. நூகும் யோசிச்சுப் பாத்து, இல்ல சங்கிலி, நாம எழுதலன்னான்.

நேரா பத்திரகாளி மதினி வீட்டுக்குப் போனேன். கூட்டத்துல இருந்தவ அவ. "மதினி, கண்மாய் யார் பேர்ல இருக்கு?"ன்னேன். அவ மொகத்த ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, "என்ன கொழுந்தனாரே, வெளையாடுறீகளா? ஒங்க தங்கச்சி பேர்லதான. இந்த ஊர்ல பிறந்த பிள்ளைன்னுதான குடுத்தோம். ஒங்க மருமகன் வந்து, மாமாவுக்கு எல்லாம் தெரியும்னாரு. பட்சிக்கு வெத்தலை பாக்கு வைக்கிற வீடே கயிறு கட்டுது, நாம என்ன சொல்லன்னு ஊரே வாயப் பொத்திக்கிட்டு இருக்கோம்"ங்கா.

இத்தன நாளா நான் கரையில நின்னு கத்தும்போதெல்லாம் ஊர் என்னத்துக்குச் சிரிச்சதுன்னு இப்பத் தெரியுது. நாடகம் போடுறான் கிழவன்னு நெனச்சிருக்காக.

இதோட ஒரு முழம் கயிறு வச்சிருக்கேன். அதுல ஒட்டியிருக்கிறது ரத்தம்தான். றெக்கையில சுத்தி, கோடுதலை வாத்து ஒண்ணு முழுப்பகலும் தொங்குச்சு. நீஞ்சிப் போய் அறுத்து விடுறதுக்குள்ள முடிஞ்சிட்டு. கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு நீ எழுதியிருந்த, அதையும் மீறித்தான் போனேன்.

குத்தகை ஒன் பேர்ல இருக்கு. நீ வேண்டாம்னு ஊர் முன்னால ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சது. வேற யார் சொன்னாலும் செல்லாது. சொல்லு.

சங்கிலிமுத்து

---

திருப்பூர்
03.03.2024

அண்ணனுக்கு. பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். இதை நூகு அண்ணன் வாசிப்பாரே என்று கூச்சமாகவும் இருக்கிறது. வாசிக்கட்டும்.

போன ஆவணியில் ஹரிஷ் வந்து, "அம்மா, ஊர்ல ஒன் பேர் நிக்கட்டும்"னு சீட்டில் எழுதிக் காட்டினான். அம்புட்டு வருசத்துக்கு அப்புறம் பிறந்த ஊரில் என் பேர். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. மீன் வளர்க்கப் போறேன் என்றான். பட்சி பத்தி நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும். கயிறு, வெடி எல்லாம் உங்க கடுதாசியில்தான் தெரியும். ஆனால் வெடி போடுவது ஹரிஷோட ஆள்தான் என்று முதல் கடுதாசியிலேயே தெரிந்துவிட்டது.

அவனிடம் கேட்டேன். பேசினான். கோபமாகப் பேசினால் உதடு வேகமாக ஓடும், எனக்குப் பாதிதான் புரியும். புரிந்த பாதி, "போட்ட முதல் யார் தருவா, மாமாவா?" என்பது.

அவன் போடும் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன் அண்ணே. காது கேட்காத கிழவி வேறு எங்கே போவேன்?

கயிறு தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சண்முகத்தாய்

---

கருங்குளத்துப்பட்டி
12.03.2024

சண்முகத்தாய்க்கு.

காது கேக்காதவன்னுதான் கடுதாசி போட்டேன். கண்ணு நல்லாத்தான இருக்கு ஒனக்கு.

வாசிக்கிறவன் முன்னால கூச்சம்ங்கிற. நூகு வாசிக்கும்போது அழுதான். எனக்கு அழுகை வரல.

தண்ணி வத்திக்கிட்டு வருது. இந்த வருசம் வந்த பட்சி இருந்த நாள விட சுத்தின நாள்தான் அதிகம். பாதி மெலிஞ்சுதான் திரும்பிப் போச்சு. ஊர் போய்ச் சேந்துச்சோ இல்லையோ.

சித்திரையில அம்மன் கோயில் பொங்கலன்னைக்கு ஊர்க்கூட்டம். அதுக்கு முன்ன எனக்குக் கடுதாசி வேண்டாம். உடம்பு எப்படி இருக்குன்னு நானும் கேக்கல.

சங்கிலிமுத்து

---

ஈரோடு
20.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு, சண்முகத்தாய் எழுதுவது. மேலே ஊர்ப் பேரை நூகு அண்ணன் வாசித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகள் கீர்த்திகா வீட்டில் இருக்கிறேன். கூட்டத்துக்கு வந்துவிட்டுத் திருப்பூர் போனால் என் பெட்டி வெளியே இருந்தது. ஹரிஷ் வீட்டுக்குள்தான் இருந்தான், வரவில்லை. நானும் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் அவன் போ என்று சொன்னது எனக்குக் கேட்டிருக்காது. அந்த மட்டுக்கும் நல்லதுதான்.

கோயில் முன்னால் நின்று அம்புட்டுப் பேர் நடுவில் பேசுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. குரல் எப்படி வந்ததோ, எனக்குத் தெரியாது. "குத்தகை எனக்கு வேண்டாம், கண்மாய் பட்சிக்கும் ஊருக்கும் இருக்கட்டும்" என்று சொல்லி முடித்ததும் எல்லாரும் தலையை ஆட்டினாங்க. சீனிவாசகம்கூட எழுந்து என்னைக் கும்பிட்டு ஏதோ சொன்னான், அதுக்கும் எல்லாரும் தலையை ஆட்டினாங்க. பத்திரகாளி மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது போதும் எனக்கு.

நீங்க மட்டும் ஏன் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னீக? பஸ் ஏத்திவிடும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் கோபமா?

ஐப்பசியில் பட்சி இறங்கினதும் எனக்கு எழுதணும். அந்த ஒரு வரிக்காக இருக்கிறேன்.

தங்கச்சி
சண்முகத்தாய்

---

கருங்குளத்துப்பட்டி
24.10.2024

மருமகன் ஹரிஷ்குமாருக்கு மாமன் சங்கிலிமுத்து சொல்லி எழுதுறது. ஒன் உடம்பு, ஒன் வீட்டுக்காரி உடம்பு எல்லாம் சொகமா இருக்கணும். சொகமா இருந்தாத்தான் நான் சொல்றது ஒனக்கு ஒறைக்கும்.

ஒன் ஆத்தா கூட்டத்துல பேசி முடிச்சதும் சீனிவாசகம் எந்திரிச்சுக் கும்பிட்டு என்ன சொன்னான் தெரியுமாலே? "ஆத்தா பெருந்தன்மையா விட்டுக் குடுத்துட்டாக. இனிமே குத்தகைய ஊரே எடுத்துக்கிடுவோம். கயிறு இருக்கு, வெடி இருக்கு, நானும் இருக்கேன். வர்ற காசு கோயில் கொடைக்கு." அதுக்குத்தான் அத்தன தலையும் ஆடுச்சு. ஆடுற தலையப் பாத்து ஒன் ஆத்தா சிரிச்சா. சின்னப் பிள்ளையில சிரிச்ச மாதிரி சிரிச்சா.

நான் கத்தினேன். "தனியாளு கட்டினாத்தான் தப்பு மாமா, சாமிக்குக் கட்டினா என்ன தப்பு"ன்னாக. திரும்பி அவளப் பாத்தேன். பத்திரகாளி மதினி கைய இறுக்கிப் பிடிச்சிருந்தா, அவளாலயும் சொல்ல முடியல. யார் சொல்லுவா? பஸ்ஸுக்கு நடந்த வழியெல்லாம் என் கைய விடாம வந்தா. காதுல ஒரக்கக் கத்தினாலும் அவளுக்கு விளங்காது, சாடை காட்டித்தான் சொல்லணும். என் கை ஏறல.

நேத்து விடியக்காலம் வடக்க இருந்து கோடுதலை வாத்து ஒரு கூட்டம் வந்துச்சு. காலத் தொங்க விட்டு இறங்கப் பாத்துச்சு. கயித்தப் பாத்துட்டு மேல எந்திரிச்சுச்சு. மறுபடி இறங்குச்சு, மறுபடி எந்திரிச்சுச்சு. கீழ இருந்து வெடி. சுத்திச் சுத்திக் களைச்சு, கெழக்க பாத்துப் போச்சு. அங்கன பூரா கருவேலங்காடு. எங்கன போய் விழுந்துச்சோ.

நீ ஒன்னப் பெத்தவள வெளிய தள்ளினது இந்தக் கண்மாய் மீனுக்கு. மீன் இப்ப ஒனக்கும் இல்ல. அவ ஒன் வீட்ட விட்டது இந்தப் பட்சிக்கு. பட்சியும் அவளுக்கு இல்ல. இது அவளுக்குத் தெரியக் கூடாது. ஒன் வாயில இருந்து வந்துச்சு, அப்புறம் நீ என் செத்த வீட்டுக்கும் வர வேண்டாம்.

சங்கிலிமுத்து

---

ஈரோடு
18.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு. ஐப்பசி முடிந்து கார்த்திகையும் பிறந்துவிட்டது, உங்க கடுதாசி வரவில்லை. போஸ்ட்மேன் தெரு முனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுகிறேன். கண் எப்படி இருக்கிறது? நூகு அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஹரிஷ் இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்து என் காலடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். ஒன்றும் பேசவில்லை. சீட்டில் எழுதிக் கொடு என்றேன், எழுதவும் இல்லை. ஏன் வந்தான் என்று தெரியவில்லை.

கீர்த்திகா நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறாள். ஆனால் மருமகன் வீடு. சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் படுக்கை. ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போகணும். அவர்கள் தாண்டும்போது நான் தூங்குகிற மாதிரி இருந்துவிடுவேன்.

அண்ணே, பட்சி இறங்கிட்டா? கயிறு இல்லாத தண்ணியை ஒருதரம் பார்க்கணும். மார்கழியில் அங்கே வந்து உங்களோடு இருந்துவிடட்டுமா? ஒரு மூலை போதும். காலையில் எழுந்து மடைக்கல்லில் கை வைத்துவிட்டு வந்து உங்களுக்குச் சோறு ஆக்கிப் போடுவேன். பதில் உடனே எழுதுங்க.

தங்கச்சி
சண்முகத்தாய்

---

கருங்குளத்துப்பட்டி
30.11.2024

தாயி சண்முகத்தாய்க்கு அண்ணன் சங்கிலிமுத்து சொல்லி நூகு எழுதுறது. நானும் நூகும் பைரோஜாவும் சொகம். ஒன் மேல கோபம் எல்லாம் ஒண்ணும் இல்ல. கூட்டத்துல கண்ணு கூசிச்சு, அதான் தரையப் பாத்தேன். ஆபரேஷன் பண்ணின கண்ணு.

பட்சி இறங்கிட்டு. தீபாவளிக்கு மறுநாள் விடியக்காலம் வந்துச்சு.

நூகு இங்கன பேனாவக் கீழ வச்சுட்டான். கை வலியாம். அவனுக்கும் வயசாச்சுல்ல. இந்தா, மறுபடி எழுதுறான்.

கோடுதலை வாத்து ஒரே நீட்டா வந்து தண்ணியக் கிழிச்சுக்கிட்டு இறங்குச்சு. நடுத்தண்ணியில தாராவும் கிளுவையும் தலைய றெக்கைக்குள்ள வச்சுத் தூங்குது. நாமக்கோழி நீ பாத்த மாதிரியேதான் சைக்கிள் மிதிச்சு எந்திரிக்கு. வெத்தலை பாக்கு கொண்டு போய்க் கம்பெனிக்காரவுககிட்டச் சொல்லிட்டேன். கரை அமைதியா இருக்கு. நீ சொன்னியேன்னு மடைக்கல்லுல கை வச்சுப் பாத்தேன். நெசந்தான். கையில கேக்கு. எல்லாம் ஒன் ஒரு சொல்லால வந்தது. ஊர்ல ஒன் பேர் நிக்குது.

மார்கழிக்கு வர வேண்டாம். பஸ்ஸுல கூட்டம், ஒன் காலு தாங்காது. பின்சுவரு இந்த மழையில மிச்சமும் விழுந்துட்டு. நானே நூகு கடையில தாள்கட்டு நடுவுலதான் படுக்கேன். தை பிறக்கட்டும்னு நெனைக்காத, மாசின்னும் நெனைக்காத. மக வீடுதான், கூச்சப்படாம காலை நீட்டிப் படு. தாண்டுறவுக தாண்டட்டும்.

தலையணைக்கு அடியில இருக்கிற கயிற இனிமே தூக்கிப் போட்டுரு.

கேட்டுட்டியேன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் சொல்றேன். இங்கன எடமில்ல தாயி.

அண்ணன்
சங்கிலிமுத்து